ஒன்பது நாள் தள்ளிப்போன திதி

ஆண்டை எழுதாமல் விடுகிறேன். திகதி போடாமல் ஒரு வரிகூட எழுதிப் பழக்கமில்லாத எனக்கு இது எளிதல்ல. ஆனால் ஆண்டைச் சொன்னால் எங்கள் பக்கத்தில் அரைமணி நேரத்தில் ஆளைப் பிடித்துவிடுவார்கள். மாதம் ஆனி. கிழமைகளும் திதிகளும் நான் நாள்தோறும் குறிப்பெழுதும் கொப்பியில் உள்ளபடி.

பண்டத்தரிப்பிலிருந்து உள்ளே இறங்கும் ஒழுங்கை ஒன்றில் எங்கள் வளவு இருக்கிறது. என் மாமனார் அதை நடுவில் பிரித்து மேற்குப் பாதியை மூத்த மகளுக்கும் கிழக்குப் பாதியை இளைய மகளுக்கும் சீதனமாக எழுதினார். மேற்கில் நான் இருக்கிறேன். தபாற்கந்தோரில் எழுதுவினைஞராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கிழக்கில் என் சகலன். என்னைவிடப் பதினொரு வயது இளையவர். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பது அவருடைய உத்தியோகம். நடுவில் இடுப்பளவு கம்பிவேலி. ஒரு வளவில் தும்மினால் மற்ற வளவில் கேட்கும்.

முன்பெல்லாம் ஒழுங்கைச் சனம் என் படலையைத்தான் திறந்துகொண்டு வரும். ஒருவர் இறந்து முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வீட்டார் ஒரு சிறு புத்தகம் அடித்துக் கொடுப்பார்கள். கல்வெட்டு என்று அதற்குப் பெயர். இறந்தவரின் வாழ்க்கை வரலாறும், அவர் கண்மூடிய மாதம், பட்சம், திதி ஆகியவற்றைச் சொல்லும் வெண்பாவும் அதில் இருக்கும். பிறகு ஆண்டுதோறும் அந்தத் திதியில்தான் திவசம். அந்த வரலாறுகளையும் வெண்பாக்களையும் சுற்றுவட்டத்தில் எழுதிக் கொடுப்பவன் நான். பிறந்த நாள் மறந்துபோனவர்களுக்குக்கூட என் கொப்பிகளைப் புரட்டி நாள் எடுத்துக் கொடுத்திருக்கிறேன்.

பிறகு சனம் கிழக்குப் படலைக்குப் போகத் தொடங்கியது. சகலன், சட்ட வைத்திய அதிகாரியோடு சேர்ந்து, இறந்தவர்களையும் படம் எடுக்க ஆரம்பித்த காலம் அது. வீதியில் அடிபட்டு இறந்த ஒரு பெடியனின் தாய் தகப்பன், பிள்ளையை வெட்ட வேண்டாம் என்று ஆஸ்பத்திரி வாசலில் விழுந்து அழுதார்கள். அதிகாரி முதலில் உடலைச் சீ.ரி. ஸ்கானுக்குள் அனுப்பினார். கழுத்தெலும்பு உடைந்திருந்தது தெளிவாகத் தெரிந்ததால், கத்தி வைத்தது மிகக் குறைவு. அதற்குப்பின் எங்கள் பகுதியில் எந்தத் திடீர்ச் சாவு நடந்தாலும் சனம் சகலனிடம் வந்து நின்றது. அவர் அதிகம் கதைக்க மாட்டார். "பாப்பம் அம்மா, படம் சொல்லும்" என்பார். அவ்வளவுதான். நான் இரண்டு மணித்தியாலம் விளக்கினாலும் கிடைக்காத மரியாதை அந்த நாலு சொல்லுக்குக் கிடைத்தது.

"நீங்கள் நாளை எழுதி வைக்கிறியள். அவன் ஆளையே பிடிச்சு வைக்கிறான்" என்று என் மனைவி ஒருநாள் சொன்னாள். பகிடிக்குத்தான் சொன்னாள். நான் பாதிச் சோற்றில் எழும்பிவிட்டேன்.

நான் சும்மா இருக்கவில்லை. நூல்நிலையத்துக்குப் போய் இந்தத் துறை பற்றிக் கிடைத்ததையெல்லாம் வாசித்தேன். எக்ஸ்ரே கண்டுபிடித்து ஓராண்டு கழிவதற்குள் அதை நீதிமன்றத்தில் காட்டிவிட்டார்கள் என்பதும், நெற்றியெலும்புக்குள் இருக்கும் காற்றறைகளின் விளிம்பு கைரேகைபோல ஆளுக்கு ஆள் வேறுபடும் என்பதும் அப்போது படித்தவை. உயிரோடு இருந்தபோது எடுத்த தலைப்படம் ஒன்று இருந்தால், மண்டையோட்டை அதே சரிவில் வைத்து இன்னொரு படம் எடுத்து ஒப்பிட்டு ஆளை அடையாளம் காணலாம். சகலன் எனக்கு அதைச் சொல்லித் தரும் நாள் வரக்கூடாது என்பதற்காகவே படித்தேன். படித்திருக்காவிட்டால் இந்தக் கதையில் என் பங்குக்கு ஒரு சாட்டாவது இருந்திருக்கும்.

எங்கள் ஒழுங்கையில் எதிர்வீட்டுப் பெண் ஒருத்தி. அவள் புருசன் சங்கக்கடையில் நிறுவைக்காரராக இருந்தவர். பிள்ளைகள் இல்லை. அவரும் நானும் ஒரே வயது. முப்பது வருடப் பழக்கம். அவருக்குப் பீனிசம். விடிய ஐந்து மணிக்குத் தும்மத் தொடங்கினால் பதினைந்து, பதினாறு வரும். ஒழுங்கையில் மணிக்கூடு தேவையில்லை என்று சொல்லிச் சிரிப்போம். தெல்லிப்பழைப் பக்கத்தில் அவருக்கு ஒரு தாய்வழிக் காணி, பல வருடமாக யாரும் போகமுடியாத பகுதிக்குள் கிடந்தது. ஓரங்களில் கொஞ்சம் கொஞ்சமாகக் காணிகளை விடுவிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, ஒரு புதன்கிழமை காலை ஏழு இருபதுக்குச் சைக்கிளில் போனார். நேரம் என் கொப்பியில் இருக்கிறது. திரும்பி வரவில்லை. அவள் முறைப்பாடு கொடுத்தாள், அலைந்தாள். பிறகு அலைச்சலை விட்டாள். பொட்டை விடவில்லை.

பல வருடங்களுக்குப் பிறகு அந்தக் காணிக்கு இரண்டு காணி தள்ளி, விடுவிக்கப்பட்ட வளவொன்றில் கிணறு இறைத்துத் துப்புரவாக்கினார்கள். சேற்றுக்குள் எலும்புகள் வந்தன. நீதவான் வந்து பார்த்து, எலும்புகளைச் சட்ட வைத்திய அதிகாரியிடம் ஒப்படைக்கச் சொன்னார். அது வியாழக்கிழமை. உடுப்பு உக்கிப்போயிருந்தது. சைக்கிள் இல்லை. மண்டையோடு உடையாமல் இருந்தது. பற்கள் அநேகமாக விழுந்துவிட்டன. மரபணுச் சோதனைக்கு ஒப்பிட அவருடைய இரத்த உறவு என்று நாட்டில் யாரும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை, வளர்பிறைப் பஞ்சமி. பின்னேரம் நான் வேலியோரம் கத்தரிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டு நின்றேன். எதிர்வீட்டுப் பெண் சகலனின் முற்றத்தில் நின்றாள்.

"அக்கா, அவருக்கு முந்தி எப்பவெண்டாலும் தலையைப் படம் எடுத்தவையோ?" என்று சகலன் கேட்டார்.

"ஓம் தம்பி, பீனிசத்துக்கு எடுத்தது. பெரிய கறுத்தத் தாள். இடம்பெயரேக்கையும் காணி உறுதியோடை சேத்துச் சுத்திக்கொண்டு திரிஞ்சவர். பேந்து எங்கை வைச்சாரோ? அலுமாரியைத் தலைகீழாய்க் கொட்டிப் பாத்திட்டன், காணேல்லை."

"நல்லாத் தேடுங்கோ அக்கா. அது ஒண்டு கிடைச்சால் காணும். வேறை ஒண்டும் வேண்டாம்."

என் கையில் இருந்த வாளியிலிருந்து தண்ணீர் ஒரே கன்றுக்குப் போய்க்கொண்டிருந்தது. அந்தப் படம் என்னிடம் இருந்தது.

எங்கள் பக்கத்தில் வளையமாகச் சூரிய கிரகணம் தெரிந்த வருடம், பார்க்கக் கறுப்பாக ஏதாவது வேண்டுமென்று நான் அவரிடம் கேட்டேன். எக்ஸ்ரேத் தாளுக்குள்ளால் சூரியனைப் பார்ப்பது கண்ணுக்குக் கூடாது என்று பிறகு வாசித்தேன். அன்றைக்கு ஊரே அப்படித்தான் பார்த்தது. "இந்தாரும், என்ரை மண்டைக்குள்ளாலை சூரியனைப் பாரும். உமக்காவது வெளிச்சம் தெரியட்டும்" என்று சிரித்துக்கொண்டே தந்தார். மனைவிக்கு அவர் சொல்லவில்லை. திருப்பிக் கொடுக்க வேண்டும், கொடுக்க வேண்டும் என்று இருந்தேன். பிறகு அவர் போய்விட்டார். பிறகு அதை அவளிடம் கொண்டுபோய்க் கொடுத்தால், இனி அவர் வரமாட்டார் என்று நான் சொல்வதுபோல் ஆகிவிடும் என்று நினைத்தேன். அதுவரை என் மனதில் கள்ளம் இருக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை உள்ளே போய் அலுமாரியைத் திறந்து, படம் இருந்த உறையை எடுத்துப் பார்த்தேன். படம் பழுதில்லாமல் இருந்தது. இரண்டு கண்குழிக்கும் மேலே நெற்றிக்குள் அந்தக் காற்றறைகள், பூக்கோவாப் பூவின் விளிம்புபோல வளைந்து வளைந்து, நான் புத்தகத்தில் பார்த்தபடியே. படியிறங்கி, ஒழுங்கையைக் கடந்து அவளிடம் கொடுக்க இரண்டு நிமிடம் போதும். கொடுத்தால் என்ன நடக்கும் என்றும் எனக்குத் தெரியும். சகலன் ஒரு படம் எடுப்பார். 'படம் சொல்லிச்சு' என்பார். முப்பது வருடம் அந்த மனிதனின் ஒவ்வொரு நாளையும் பார்த்து எழுதிய என் கொப்பிகளை யாரும் கேட்கப்போவதில்லை.

உறையைத் திரும்ப வைத்தேன். முதலில் என் கொப்பி சொல்லட்டும், முடியாவிட்டால் படத்தைக் கொடுப்போம் என்று எனக்கு நானே ஒரு ஒழுங்கு செய்துகொண்டேன்.

திங்கட்கிழமை முழுவதும் இருந்து எழுதினேன். போனவரின் உயரம், போன நேரம், கபில நிற இடுப்புப்பட்டி, மேல்வரிசையில் இல்லாத பல், இடுப்பில் கிடந்த வீட்டுத் திறப்புக்கோர்வை. செவ்வாய்க்கிழமை பஸ் பிடித்துப் போய்த் திடீர் மரண விசாரணை அதிகாரியிடம் ஏழு பக்கங்களையும் கொடுத்தேன். பொறுமையான மனிதர். எல்லாவற்றையும் வாசித்தார்.

"ஐயா, வடிவாய் எழுதியிருக்கிறியள். ஆனால் திறப்பும் கிடைக்கேல்லை, பட்டியும் கிடைக்கேல்லை. மேல்வரிசையிலை ஒரு பல்லும் மிச்சமில்லை, நீங்கள் சொல்லுற பல்லு எது எண்டு பாக்கிறது?"

"உயரம் இருக்குதே?"

"உந்த உயரத்திலை இந்த மாவட்டத்திலை பாதி ஆம்பிளையள் இருப்பினம். நானும் உந்த உயரந்தான்."

திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்கு இருக்கை கிடைத்தது. என் கொப்பி சொல்லி முடித்துவிட்டது. அப்போதே படத்தைக் கொடுத்திருக்கலாம். புதன், வியாழன், வெள்ளி என்று நாட்கள் போயின. ஒவ்வொரு பின்னேரமும் எதிர்வீட்டுப் பெண் கிழக்குப் படலையைத் திறந்தாள். என் படலையைத் தாண்டித்தான் போனாள். சகலனின் மனைவி அவளுக்குத் தேத்தண்ணி கொடுக்கும் சத்தம் கேட்கும். அவர்கள் தேடட்டும் என்று இருந்தேன். ஒரு பொருள் என்னிடம் இருக்கிறது, அது இல்லாமல் அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை என்ற நினைப்பு இனிப்பாக இருந்தது. இதை எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் இனிப்பாகத்தான் இருந்தது.

அடுத்த திங்கட்கிழமை பொழுதுபடுகிற நேரம் அவள் என் படலையைத் திறந்தாள்.

"அண்ணை, வெள்ளிக்கிழமை கோட்டிலை தவணை. ஆரெண்டு தெரியாட்டில் அரசாங்கமே தாட்டுப்போடுமாம்."

நான் கதிரையை இழுத்துப் போட்டேன். அவள் இருக்கவில்லை.

"சாப்பிடேக்கை அவருக்கெண்டு ஒரு பிடி எடுத்து வைச்சிட்டுத்தான் நான் சாப்பிடுறனான். இருக்கிறாரெண்டால் அது அவற்றை பங்கு. இல்லையெண்டால் படையல். ரண்டும் ஒரே சோறுதான் அண்ணை. ஆனால் எது எண்டு எனக்குத் தெரிய வேணும்."

நான் கதிரையைத் திரும்பச் சுவரோரம் தள்ளினேன்.

"உங்கடை கொப்பியிலை அவர் அந்தப் படம் எடுத்த நாள் இருக்குமோ? நாளைச் சொன்னால் ஆஸ்பத்திரியிலை தேடலாமோ எண்டு கேக்கத்தான் வந்தனான்."

இருந்தது. இரண்டு நிமிடத்தில் எடுத்துக் கொடுத்தேன். கிழமை, நேரம், அன்றைக்குப் பெய்த மழை உட்பட. துண்டில் எழுதிய நாளை அவள் இரண்டு கையாலும் வாங்கினாள். "உங்களை மாதிரி ஆர் அண்ணை உதெல்லாம் எழுதி வைப்பினம்!" என்றாள். நான் ஏங்கிக்கொண்டிருந்த வார்த்தை. அந்தக் காலத்துப் படங்கள் ஒன்றுகூட ஆஸ்பத்திரியில் மிஞ்சவில்லை என்று எனக்குத் தெரியும். அவள் துண்டோடு கிழக்குப் பக்கம் ஓடினாள். சகலன் அதைத்தான் அவளுக்கு மெதுவாகச் சொன்னார். அவள் திரும்பிப் போகும்போது நடையில் ஓட்டம் இல்லை.

செவ்வாய்க்கிழமை காலை, சதுர்த்தசி. சகலன் வேலைக்குப் புறப்பட்டு மோட்டார் சைக்கிளைத் துடைத்துக்கொண்டு நின்றார். வேலிக்கு மேலால் உறையை நீட்டினேன்.

"தம்பி, இது என்னட்டைக் கிடந்திருக்கு. கிரகணத்துக்கு இரவல் வாங்கினது. ராத்திரித் தற்செயலாய்க் கண்டனான்."

அவர் படத்தை உருவி வானத்துக்கு நேரே பிடித்தார். கண்கள் விரிந்தன. பெயரும் நாளும் படத்தின் மூலையிலேயே இருந்தன. பிறகு உறையைத் திருப்பிப் பார்த்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இரவல் பொருள் எதுவானாலும் வாங்கிய நாளை உறையில் எழுதுவேன். அதற்குக் கீழே, எடுத்துப் பார்க்கும் ஒவ்வொரு நாளையும் எழுதுவேன். வாழ்நாள் பழக்கம், கை தானாக எழுதும். கடைசி வரியில் போன ஞாயிற்றுக்கிழமைக்கு முந்திய ஞாயிறு, பின்னேரம் ஐந்து நாற்பது என்று என் அழகான எழுத்தில் இருந்தது.

வாசித்து முடித்தார் என்பது அவர் கண் நின்ற இடத்திலிருந்து தெரிந்தது. அன்று அவர் முற்றத்தில் அந்தப் பெண் நின்றது அவருக்கு மறந்திருக்காது. நான் தண்ணீர் விட்டுக்கொண்டு நின்றதும்தான்.

"அண்ணை," என்றார். "உறையை நீங்கள் வைச்சிருங்கோ. எனக்குப் படம் காணும்."

உறையை என் கையில் திரும்ப வைத்துவிட்டு, ஒழுங்கையைக் கடந்து போனார். அந்தப் பெண்ணின் குரல் உயர்ந்து கேட்டது. படத்தை அவள்தான் பொலிசில் கொடுக்க வேண்டும் என்று சொல்லி, தன் மோட்டார் சைக்கிளிலேயே அவளை ஏற்றிக்கொண்டு போனார். பின்னேரம் ஒரு பொலிஸ்காரர் வந்து, படம் என்னிடம் இரவலாக இருந்தது என்று இரண்டு வரி எழுதிக் கையெழுத்து வாங்கினார். எத்தனை நாள் என்று கேட்கவில்லை. சகலன் என்னை ஏசியிருந்தால் நான் பதிலுக்கு ஏசியிருப்பேன், இருவரும் சரிசமமாகியிருப்போம். உறையைத் திருப்பித் தந்து அவர் என்னைவிட உயர்ந்துபோனார். அதற்கும் எனக்கு எரிந்தது.

புதன்கிழமை பௌர்ணமி, போயா விடுமுறை. அவர் லீவு நாளிலும் வேலைக்குப் போனார். வியாழக்கிழமை பன்னிரண்டு மணிபோல், சட்ட வைத்திய அதிகாரி அனுமதித்த பிறகு, நேரே எதிர்வீட்டுக்குப் போய், கிணற்றில் கிடைத்தது அவள் புருசன்தான் என்று சொன்னார். கொஞ்ச நேரத்தில் கிணற்றடியில் தண்ணீர் அள்ளி ஊற்றும் சத்தம் மட்டும், வாளி வாளியாக.

அன்று பின்னேரம் வேலியடியில் சகலனே வந்து நின்றார்.

"ஆறு தரம் எடுத்தனான் அண்ணை. முதல் அஞ்சும் பொருந்தேல்லை. உங்கடை சிநேகிதர் அந்த நேரம் நாடியை நேரே நிமித்தாமல் ஒரு சொட்டு இடப்பக்கம் சரிச்சு வைச்சிருக்கிறார். அந்தச் சரிவுக்கு மண்டையோட்டைப் பஞ்சு வைச்சு வைச்சுக் கொண்டுவந்த பிறகுதான் நெத்தி விளிம்பு அப்பிடியே வந்து இருந்தது."

உண்மைதான். கதைக்கும்போது அவர் தலையை இடப்பக்கம் சரித்துத்தான் கேட்பார். முப்பது வருடக் கொப்பிகளில் எங்கேயும் நான் அதை எழுதவில்லை. எழுதவேண்டிய விஷயமாக எனக்குத் தோன்றவேயில்லை. அவரோடு பத்து வார்த்தைகூடக் கதைத்திராத சகலன் அதைக் கைகளால் கண்டுபிடித்திருந்தார். அந்த ஒன்றுக்காக அவர்மேல் கொண்ட பொறாமை இன்றுவரை ஆறவில்லை.

எப்படி இறந்தார் என்று எலும்பு சொல்லவில்லை. காரணம் தீர்மானிக்க முடியாது என்றே வெள்ளிக்கிழமை பதிவானது. எலும்புகளை அவளிடம் கொடுத்தார்கள். சனிக்கிழமை தகனம். பெட்டியைச் சுடலைக்கு யார் தூக்குவது என்ற கதை வந்தது. நான் முன்னே போனேன். "தம்பியே தூக்கட்டும் அண்ணை, அவர்தானே முதலும் தூக்கினவர்" என்றாள். நான் விலகி நின்றேன்.

பிறகு திதி. ஐயர் வந்திருந்தார். நான் கொப்பியோடு போயிருந்தேன். அவள் புருசன் வீட்டைவிட்டுப் போன புதன்கிழமையின் திதியை எடுத்து வைத்திருந்தேன். அதையே இறந்த திதியாகக் கொள்ளலாம் என்றேன்.

"அண்டைக்கே செத்தவரெண்டு ஆர் கண்டது?" என்றார் ஐயர். "நாள் தெரியாட்டில் சாவைக் கேள்விப்பட்ட நாள்தான். உங்களுக்கு எப்ப அம்மா செய்தி வந்தது?"

"வியாழக்கிழமை. தம்பி வந்து சொன்னவர்."

ஐயர் பஞ்சாங்கத்தைப் பார்த்தார். ஆனி மாதம், அபரபட்சப் பிரதமை. எழுதிக்கொள்ளும்படி என்னைப் பார்த்தார்.

எழுதினேன். எழுதும்போதே கணக்கு ஓடியது. பஞ்சமியன்று கொடுத்திருந்தால் இரண்டு நாளில் படம் பார்த்திருப்பார்கள். செவ்வாய்க்கிழமை, பூர்வபட்சச் சப்தமி. வளர்பிறையில் வந்திருக்க வேண்டிய மனிதரை நான் தேய்பிறைக்குத் தள்ளியிருந்தேன். பிழையான திதியைத் திருத்தலாம். பலருக்குத் திருத்தியும் கொடுத்திருக்கிறேன். இது பிழையான திதி அல்ல. அவள் அன்றைக்குத்தான் கேள்விப்பட்டாள். அன்றைக்கு அவள் கேள்விப்படும்படி செய்தவன் நான். அவள் இருக்கும்வரை அந்த நாளில்தான் அவருக்குச் சோறு படைக்கப்படும்.

வெண்பா எழுத வழக்கமாக எனக்கு ஒரு மாலை போதும். இதற்கு ஆறு நாள் எடுத்தது. நன்றி சொல்லும் பக்கத்தை அவளே வாயால் சொல்ல நான் எழுதினேன். சட்ட வைத்திய அதிகாரிக்கு, படம் எடுத்த தம்பிக்கு. பிறகு, "இவ்வளவு வருசமும் படத்தைப் பத்திரமாய் வைச்சிருந்து தந்த அண்ணைக்கு" என்றாள். "அது வேண்டாம் பிள்ளை" என்றேன். "என்ன அண்ணை, நீங்கள் வைச்சிருக்காட்டில் என்ரை கையிலை எப்பவோ துலைஞ்சிருக்கும்" என்றாள். அதுவும் உண்மை. எழுதினேன், அச்சாகி ஊரெல்லாம் போனது.

சகலன் ஒருவரிடமும் சொல்லவில்லை. தன் மனைவியிடம்கூட இல்லை. சொல்லியிருந்தால் என் மனைவிக்கு அன்றைக்கே தெரிந்திருக்கும்.

ஒவ்வொரு சித்திரையிலும், புதுப் பஞ்சாங்கம் வந்த கிழமையே அவள் வந்துவிடுவாள்.

"அண்ணை, இந்த முறை அவற்றை திதி என்ன கிழமையிலை வருது?"

பார்த்துச் சொல்வேன். அவள் கேட்டுக்கொண்டு போவாள். இந்த வருடம் அவள் படலையைச் சாத்திய பிறகு வேலிக்கு அந்தப் பக்கமிருந்து சகலன் கேட்டார்.

"என்ன கிழமையாம் அண்ணை?"

"திங்கள்."

"அப்ப லீவு போட வேணும்" என்று சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளைத் துடைக்கத் தொடங்கினார்.